முதுகில் நான்கு ஸ்க்ரூ: பெங்களூரில் ஸ்பைன் ஃபியூஷனுக்குப் போகிறவர்களுக்கு

அல்சூரில் எங்கள் தெருவில் மட்டும் முதுகில் ஸ்க்ரூ போட்டவர்கள் மூன்று பேர் இருக்கிறோம். கோடி வீட்டுத் தையல்கார அண்ணன், எதிர் வரிசை டீச்சரம்மா, அப்புறம் நான். 2019இல் எனக்கு இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் நாலாவதையும் ஐந்தாவதையும் (எல்4, எல்5) சேர்த்து வைத்தார்கள். அதுதான் ஸ்பைன் ஃபியூஷன். அதிலிருந்து அக்கம்பக்கத்தில் யாருக்கு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்தாலும் அந்தப் பெரிய கவரோடு எங்கள் வீட்டுப் படியேறுகிறார்கள். "அக்கா, ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. பண்ணிக்கலாமா?"

நான் டாக்டர் இல்லை. அச்சகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். பண்ணு என்றோ பண்ணாதே என்றோ சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "எந்த வலிக்கு?" பாதிப் பேர் முழிப்பார்கள். முதுகா, காலா, மரத்துப்போவதா, நடக்க முடியாததா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் தெரியாது. அப்படிக் கவரோடு வந்தவர்களிடம் சொன்னதையெல்லாம் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதலில், என்னதான் செய்கிறார்கள்?

கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, அதற்குக் கீழே 5 என்று முதுகெலும்பு துண்டு துண்டாக அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு இரண்டு துண்டுக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு டிஸ்க், பின்புறம் இரண்டு சின்ன மூட்டுகள். அந்த இடம் தேய்ந்து ஆட்டம் கண்டாலோ, மேல் எலும்பு கீழ் எலும்பின் மேல் முன்பக்கமாக நழுவினாலோ நரம்பு நசுங்கும். எனக்கு நழுவல்தான். ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் என்று அதற்கு வாயில் நுழையாத பெயர்.

ஃபியூஷன் என்றால் அந்த இரண்டு எலும்பையும் ஒரே எலும்பாக வளரவைப்பது. ஒரு மட்டத்துக்கு, அதாவது இப்படிச் சேர்க்கிற ஒரு ஜோடி எலும்புக்கு, வழக்கமாக நான்கு ஸ்க்ரூ, இரண்டு கம்பி, டிஸ்க் இருந்த இடத்தில் கேஜ் என்கிற சின்னக் கூண்டு, கூடவே எலும்புத் துகள். ஸ்க்ரூதான் முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். கான்க்ரீட் போடும்போது சென்ட்ரிங் அடிப்பார்களே, ஸ்க்ரூவும் கம்பியும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. எலும்பு வளர்ந்து இறுக ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வளராமலே போய்விட்டால் எவ்வளவு நல்ல டைட்டானியமும் ஒருநாள் தளரும், அல்லது உடையும்.

இது புதிய வித்தையும் இல்லை. 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்று இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக இதைச் செய்தார்கள். இரண்டு பேரும் செய்தது முதுகெலும்பு டி.பி.க்கு. நம் ஊரில் இன்றும் முதுகு டி.பி. நிறைய உண்டு. ஆனால் இப்போது பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகிறது. நரம்பு நசுங்கினாலோ எலும்பு சரிந்தாலோதான் கத்தி.

நன்றாக ஒட்டிக்கொண்ட முதுகிலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கும். ஒரு மூட்டு அசையாமல் போனால் அதன் மேலும் கீழும் இருக்கிற மூட்டுகள் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். கழுத்தில் ஃபியூஷன் செய்துகொண்டவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 1999இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்று பேர் வீதம் பக்கத்து மட்டத்தில் புதுத் தொந்தரவு என்று அது சொன்னது. அது ஃபியூஷனால் வந்ததா, வயசானால் எப்படியும் வந்திருக்குமா என்று டாக்டர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எப்படியானாலும் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வலியைப் பிரித்துச் சொல்லப் பழகுங்கள்

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு நோட்டு போடுங்கள். எங்கே வலிக்கிறது, எப்போது, என்ன செய்தால் குறைகிறது. குத்தலா, எரிச்சலா, இழுப்பா, சுளீர் என்று பாய்கிறதா, மரத்துப்போகிறதா? நூற்றில் எவ்வளவு முதுகு, எவ்வளவு கால் என்றும் எழுதுங்கள். எனக்குக் கால் எண்பது, முதுகு இருபது. இந்த ஒரு வரியைச் சொன்னபோதுதான் ஒரு டாக்டர் முதன்முறையாகக் கம்ப்யூட்டரை விட்டு என் முகத்தைப் பார்த்தார்.

நடையையும் அளந்துகொள்ளுங்கள். அல்சூர் ஏரிக்கரையில் முதலில் நான் பாதிச் சுற்று நடந்த பிறகுதான் கால் கனக்கும். ஆறு மாதத்தில் மூன்றாவது பெஞ்சுக்கே வந்துவிட்டது. உட்கார்ந்தால் இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிடும். காய்கறிக்காரர் வண்டியைப் பிடித்துக் கொஞ்சம் குனிந்து நின்றாலும் சரியாகிவிடும். நடந்தால் வந்து, குனிந்தால் போகிற வலி, நரம்புப் பாதை குறுகியதற்கு அடையாளம். ஸ்கேன் இதைச் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாஷை விஷயம். பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த யாராவது ஒருவர் எப்படியும் இருப்பார், அதனால் பயம் வேண்டாம். ஆனால் 'இடுப்பு வலி' என்கிற சொல்லோடு ஜாக்கிரதை. நான் அப்படிச் சொன்னதை என் மகள் 'ஹிப் பெயின்' என்று மொழிபெயர்க்க, தொடை மூட்டை எக்ஸ்ரே எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். சொல்வதோடு நிற்காமல் கையால் தொட்டும் காட்டுங்கள். கன்னடத்தில் நாலு சொல் போதும்: பென்னு என்றால் முதுகு, சொண்ட என்றால் இடுப்பு, உரி என்றால் எரிச்சல், ஜோமு என்றால் மரத்துப்போவது. வலிக்கு நோவு. அது நம் பாட்டிமார் சொன்ன அதே சொல்தான்.

இனி அந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். 'டிஸ்க் டீஜெனரேஷன்', 'பல்ஜ்' என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கும், படித்தாலே கை நடுங்கும். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் ஒரு கணக்கு வெளியானது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். ஐம்பது வயதில் 80 சதவீதம். எண்பதில் 96. தலை நரைப்பது மாதிரி இதுவும் ஒன்று. ரிப்போர்ட்டில் இருப்பதும் உங்கள் உடம்பில் தெரிவதும் ஒரே நரம்பைக் காட்டினால்தான் ஆபரேஷன் பேச்சுக்கே அர்த்தம்.

காத்திருக்கவே கூடாத சமயங்கள்

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது. சைக்கிள் சீட் படுகிற இடமெல்லாம் மரத்துப்போவது. மலம் கட்டுப்பாடில்லாமல் போவது. இரண்டு காலும் திடீரென்று பலமிழப்பது. இதில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, அதே மணிநேரத்தில் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

மெதுவாக வருகிற ஆபத்தும் உண்டு. காலில் இருந்து செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை, சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை, கையெழுத்து மாறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருக்கலாம். தையல்கார அண்ணனுக்கு முதலில் ஊசியில் நூல் கோர்ப்பதுதான் தகராறானது. கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று நாலு மாதம் கண் டாக்டரிடம் அலைந்தார். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, பாதம் தொங்கிப்போவது ஆகியவையும் தள்ளிப்போடக் கூடாதவை.

இவை எதுவும் இல்லை என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. 'இந்த வாரமே அட்மிட் ஆகுங்கள்' என்று யாராவது அவசரப்படுத்தினால், ஏன் இந்த வாரம் என்று கேளுங்கள். சரியான பதில் வரவில்லையென்றால் ஃபைலை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

டாக்டரைத் தேடுவது

நான் முதலில் போன இடத்தில் சந்திப்பு நாலு நிமிஷம். ஸ்கேன் படத்தை விளக்கில் பார்த்தார், 'ஸ்க்ரூ போட்டுவிடலாம்' என்றார், கவுன்டரில் எஸ்டிமேட் வாங்கிக்கொள்ளச் சொன்னார். என் காலை அவர் தொடவே இல்லை. இரண்டாவதாகப் பார்த்தவர் குதிகாலில் நட, முன்காலில் நட என்றார், காலைத் தூக்கிப் பார்த்தார், கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'தள்ளுங்கம்மா' என்றார், பஞ்சால் வருடினார். கடைசியில் அவரும் ஆபரேஷன் என்றுதான் சொன்னார். ஆனால் எந்த நரம்பு, ஏன், எது குறையும், எது குறையாது என்று ஒரு பேப்பரில் வரைந்து காட்டினார். அந்தப் பேப்பர் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது.

முதுகு ஆபரேஷனை எலும்பு டாக்டரும் செய்வார், மூளை நரம்பு சர்ஜனும் செய்வார். இதில் யார் உசத்தி என்ற சண்டை வேண்டாம். அவர் முழுநேரமும் முதுகுதான் பார்க்கிறாரா என்பதைப் பாருங்கள். எம்.எஸ். அல்லது எம்.சிஎச். படிப்புக்கு மேல் முதுகுக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவர்கள் உண்டு. எஃப்.என்.பி. ஸ்பைன் சர்ஜரி என்று பெயர்ப்பலகையில் இருந்தால் தேசியத் தேர்வு வாரியத்தின் இரண்டு வருஷப் பயிற்சி முடித்தவர் என்று அர்த்தம். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

அரசு பக்கம் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. நரம்பியலுக்குப் பெயர்போன இடம், ஆனால் விடியற்காலையிலேயே வரிசை நிற்கும், ஒரு நாள் முழுக்கப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு போங்கள். ஜெயநகர் பக்கம் சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவ நிலையம். கோரமங்கலாவில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி ஆஸ்பத்திரி. தனியார் ஆஸ்பத்திரிகளுக்கோ இந்த ஊரில் பஞ்சமே இல்லை. இரண்டாவது கருத்துக்கு நம் ஆட்கள் கன்டோன்மென்டில் ரயிலேறி காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி.க்குப் போவார்கள். முதுகுக்கென்றே கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனைக்குப் போகிறவர்களும் உண்டு. ஆபரேஷன் எங்கே செய்தாலும் சரி, இரண்டாவது கருத்தை வேறு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். அதே கட்டடத்தின் இன்னொரு மாடியில் கேட்டால் அது இரண்டாவது கருத்து ஆகாது. இதில் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற தயக்கம் வேண்டாம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்டுகளைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன.

உள்ளே போய் உட்கார்ந்ததும் கேட்க வேண்டியதை முன்னமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் முதல் வரி: என் வலிகளில் எது போகும், எது மிச்சமிருக்கும்? நசுங்கிய நரம்பால் வரும் கால்வலிக்கு இந்த ஆபரேஷன் நன்றாகக் கேட்கும். வெறும் முதுகுவலிக்கு அவ்வளவு உறுதி சொல்ல முடியாது. 'எல்லாம் சரியாகிவிடும்' என்கிறவரைவிட 'கால் சரியாகும், முதுகு பாதிதான்' என்கிறவரை நம்புங்கள்.

அடுத்தது, நரம்புப் பாதையை மட்டும் அகலப்படுத்தினால் போதாதா, ஃபியூஷன் எதற்கு? இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. நரம்புப் பாதை குறுகியவர்களுக்கு, எலும்பு நழுவியிருந்தாலும் இல்லாவிட்டாலும், அகலப்படுத்துவதோடு ஃபியூஷனும் சேர்த்ததில் இரண்டு வருஷத்துக்குப் பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2016இல் சுவீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதே மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, நழுவல் உள்ளவர்களுக்கு ஃபியூஷனால் கொஞ்சம் நன்மை உண்டு என்றது. 2021இல் நார்வேக்காரர்கள், நழுவல் இருந்தாலும் பலருக்கு அகலப்படுத்துவதே போதும் என்றார்கள். ஆக, டாக்டருக்கு டாக்டர் பதில் மாறினால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. உங்கள் முதுகில் ஏன் தேவை என்பதற்குக் குறிப்பான காரணம் வர வேண்டும். எனக்குச் சொன்ன காரணம், குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே இரண்டிலும் எலும்பு வேறு வேறு இடத்தில் இருந்தது. படத்தைப் பார்த்தபோது எனக்கே புரிந்துவிட்டது.

அப்புறம், மாதத்துக்கு இதே ஆபரேஷன் எத்தனை செய்கிறீர்கள்? ஸ்க்ரூவைப் போடப்போவது நீங்களா, பயிற்சியில் இருப்பவரா? எத்தனை மட்டம், ஏன் அத்தனை? நரம்பைச் சுற்றிய உறை கிழிந்தால், சீழ் பிடித்தால், ஸ்க்ரூ இடம் தவறினால் என்ன செய்வீர்கள்? நிறைய செய்தவர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொல்வார்கள். 'எனக்கு இதெல்லாம் நடந்ததே இல்லை' என்றால் ஒன்று அவர் அதிகம் செய்ததில்லை, இல்லை செய்தவர்களைத் திரும்பப் பார்ப்பதில்லை.

ரோபோ, லேசர், கீஹோல் என்று மெட்ரோ தூண்களில் விளம்பரம் பார்ப்பீர்கள். ஸ்க்ரூவைச் சரியான கோணத்தில் போடக் கருவி உதவும், மறுப்பதற்கில்லை. யாருக்குப் போட வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று கருவி சொல்லாது.

பணம்

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். இம்ப்ளான்ட், அதாவது ஸ்க்ரூ, கம்பி, கேஜ் ஆகியவை உள்ளே அடக்கமா, தனியா என்று கேளுங்கள். பில் எகிறுவது அங்கேதான். இன்ஷூரன்ஸ் புதிதாக எடுத்தவர்கள் காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். முதுகுத் தொந்தரவுகளுக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் இருக்கும். ஏற்கெனவே இருந்த நோய்க்கு 36 மாதத்துக்கு மேல் காக்கவைக்கக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் விதி. பி.பி.எல். கார்டு இருந்தால் ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை வழியுண்டு. அதற்குப் பொதுவாக முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

ஆபரேஷனுக்கு முன் உடம்பும் வீடும்

சிகரெட், பீடி, புகையிலை எதுவானாலும் நிறுத்துங்கள். நிகோடின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். ஆபரேஷனுக்குக் குறைந்தது நாலைந்து வாரம் முன்னாலிருந்து, பிறகு எலும்பு ஒட்டும் வரை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் புண் ஆறாது. வைட்டமின் டி பாருங்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் எலும்பு அடர்த்தியும் பார்த்துவிடுவது நல்லது. பொரபொரத்த சுவரில் ஆணி நிற்காது இல்லையா. சொத்தைப் பல் இருந்தால் அதையும் முன்னாடியே முடித்துவிடுங்கள்.

வீட்டில் முதல் வேலை கழிப்பறை. இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் மேலே வைக்கிற நாற்காலி ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைக்கும். தினமும் எடுக்கிற பாத்திரம், டப்பா எல்லாவற்றையும் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்கிற தட்டுக்கு மாற்றுங்கள். அரிவாள்மனைக்கு விடுமுறை. கட்டில் ரொம்பத் தாழ்வாக இருந்தால் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்துங்கள். எங்கள் வீடு லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. படியேறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் நடுப்படியில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தது பெரிய தைரியமாக இருந்தது.

முதல் மூன்று மாதம்

அடுத்த நாளே எழுப்பி நிற்க வைப்பார்கள், பயந்துவிடாதீர்கள். படுக்கையிலிருந்து எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டே முழங்கையால் உந்தி எழ வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே நர்ஸை நிற்கவைத்து நாலு தடவை செய்து பாருங்கள். எனக்கு இன்றும் அப்படித்தான் எழத் தெரிகிறது.

குனியாதே, தூக்காதே, முறுக்காதே. மூன்று சொல்தான், ஆனால் நம் வீட்டு வேலை முழுக்க அந்த மூன்றுக்குள் வந்துவிடும். தண்ணீர் கேன் 20 லிட்டர் என்றால் 20 கிலோ. கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பதை நெருங்கும். நிறைந்த குக்கர், ஊறவைத்த துணி வாளி, பேரக்குழந்தை எதையும் டாக்டர் சரி என்று சொல்லும் வரை தொடாதீர்கள். வீட்டில் இருக்கிறவர்கள் முதல் இரண்டு வாரம் ஓடி ஓடிச் செய்வார்கள். நீங்கள் நன்றாக நடப்பதைப் பார்த்ததும் மூன்றாவது வாரம் மறந்துவிடுவார்கள். நான் தண்ணீர் கேன் மேலேயே ஒரு சீட்டு ஒட்டி வைத்தேன்.

இந்தக் காலத்தில் மருந்து நடைதான். வீட்டுக்குள் ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, பிறகு தெரு, பிறகு ஏரிக்கரை. நடப்பதைவிட உட்காருவதுதான் சிரமம். முதலில் இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காராதீர்கள். பெல்ட் எத்தனை வாரம் என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும், உங்கள் டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும். முக்கும்போது தையல் பிரிந்துவிடும் போல இருக்கும். முதல் நாளிலிருந்தே தண்ணீர், பழம், டாக்டர் தரும் மலமிளக்கி எல்லாம் இருக்கட்டும்.

காய்ச்சல், தையலிலிருந்து நீர் கசிவு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, காலில் புதிதாகப் பலக்குறைவு. இவற்றில் எது வந்தாலும் அன்றே போன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு நீலக் குறிக்காகக் காத்திருக்காதீர்கள்.

பிறகு, வருஷக்கணக்காக

பெங்களூர் ரோடு உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு மேலிருக்கும் சீட்டும் கடைசி வரிசையும் வேண்டாம். ஹம்ப்ஸில் தூக்கிப் போடும்போது உயிர் போய்விடும். நடுவில் உட்காருங்கள், இல்லையென்றால் நில்லுங்கள், நிற்பது நமக்கு நல்லதே. ஆட்டோக்காரரிடம் ஏறும்போதே 'பென்னு ஆபரேஷன் ஆகிதே, நிதானவாகி ஹோகி' (முதுகு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மெதுவாகப் போங்கள்) என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் கேட்பார்கள். ஸ்கூட்டரை நான் விட்டுவிட்டேன், இப்போது மெட்ரோதான். சோதனைக் கருவி சில சமயம் முதுகில் கத்தும். டிஸ்சார்ஜ் சம்மரி போனில் இருந்தால் காட்டலாம். நான் இதுவரை வாயால் சொன்னதே போதுமாக இருந்தது. டைட்டானியம் என்றால் பொதுவாக எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஸ்க்ரூ பக்கத்தில் படம் கொஞ்சம் கலங்கும். எலும்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க சி.டி.தான் தெளிவு.

கோயிலில் விழுந்து கும்பிடுவதை விட்டேன், நின்றபடி கை குவித்தால் சாமி ஏற்றுக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார வைத்தால் வெட்கப்படாமல் நாற்காலி கேளுங்கள். கோலம் போடுவதை மட்டும் விட மனசு வரவில்லை. ஃபிசியோதெரபி செய்த பெண், முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து மடங்கக் கற்றுக்கொடுத்தாள். சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து புள்ளிக் கோலம். பொங்கலுக்கு மட்டும் ஏழு.

ஃபிசியோதெரபியை ஆறு வாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஃபியூஷன் செய்யாத மற்ற மட்டங்களைக் காப்பாற்றுவது வயிற்று, முதுகுத் தசைகள்தான். யோகா வகுப்பில் சேர்ந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஹலாசனம், சர்வாங்காசனம், ஆழமாகக் குனிவது, முறுக்குவது வேண்டாம். சுளுக்கு எடுக்கிறேன், கட்டு போடுகிறேன், நெட்டி முறிக்கிறேன் என்று வருகிறவர்களை முதுகில் கை வைக்க விடாதீர்கள், அவர் கை எவ்வளவு ராசியான கையாக இருந்தாலும்.

வலி திரும்ப வந்தால்

முதலில் அதே கேள்விதான்: எந்த வலி? பழைய வலியா, புது இடமா? பழைய வலி போகவே இல்லையென்றால் அதற்குக் காரணம் வேறு. ஒரு வருஷம் நன்றாக இருந்துவிட்டுப் பழைய இடத்திலேயே வந்தால் எலும்பு ஒட்டவில்லையோ என்று பார்க்க வேண்டும். வருஷங்கள் கழித்துப் புது இடத்தில், மறு காலில் வந்தால் பக்கத்து மட்டமாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மறுபடி கத்தி என்று இல்லை. டீச்சரம்மாவுக்கு ஆறாவது வருஷம் மேல் மட்டத்தில் வந்தது, மூன்று மாதம் ஃபிசியோதெரபியிலேயே அடங்கிவிட்டது.

சின்ன வயசில் முதுகு வளைவுக்குக் கம்பி வைத்துக்கொண்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஹூஸ்டனைச் சேர்ந்த பால் ஹாரிங்டன் 1950களில் உருவாக்கி, 1962இல் எழுதி வெளியிட்ட நேர் கம்பி முறை உலகமெங்கும் பல வருஷம் நடந்தது. அது வளைவை நிமிர்த்தியதோடு இடுப்பில் இருக்க வேண்டிய இயல்பான குழிவையும் தட்டையாக்கிவிட்டது. வயசாக வயசாக அவர்களில் சிலருக்கு நிமிர்ந்து நிற்க முடியாமல் முன்னால் சாயும், முழங்காலை மடக்கி நின்றால்தான் பார்வை நேராகும். இதைத் திருத்துகிற ஆபரேஷன் பெரியது. முதல் முறை ஃபியூஷன் செய்கிற எல்லோரும் இதைச் செய்வதில்லை. மறு ஆபரேஷனும் வளைவுத் திருத்தமும் வழக்கமாகச் செய்கிறவரைத் தேடி, வெளியூர் போக வேண்டியிருந்தாலும் போங்கள். தலையிலிருந்து கால் வரை நின்றபடி எடுக்கும் முழு நீள எக்ஸ்ரே இல்லாமல் யாராவது திட்டம் சொன்னால் அவர் இன்னும் உங்கள் முதுகை முழுதாகப் பார்க்கவில்லை.

எங்கே போனாலும் ஃபைல் கூட வர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. ஆபரேஷன் நோட்ஸையும் அதோடு இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்தக் கம்பெனி ஸ்க்ரூ, என்ன அளவு, எந்தத் தயாரிப்புத் தொகுதி (லாட்) என்று அந்தச் சின்ன ஸ்டிக்கர்களில் இருக்கும். தையல்கார அண்ணனுக்குக் கழுத்து சரியானதும் இடுப்பில் பழைய ஸ்க்ரூ ஒன்று தளர்ந்திருப்பது தெரிந்தது. ஒவ்வொரு கம்பெனி ஸ்க்ரூவின் தலையும் ஒரு மாதிரி, அதைக் கழற்ற அதற்கேற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டும். முதலில் போட்ட ஆஸ்பத்திரியில் பழைய ரெக்கார்டு இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்து இந்தக் கம்பெனியாக இருக்கலாம் என்று ஊகித்து, மூன்று கம்பெனிக் கருவிப் பெட்டிகளை வரவழைத்து வைத்துக்கொண்டுதான் தியேட்டருக்குள் போனார்கள். இரண்டாவது பெட்டி பொருந்தியது. அன்று சாயங்காலமே நான் என் ஸ்டிக்கர் பக்கத்தைப் படம் எடுத்து மகளுக்கும் தம்பிக்கும் அனுப்பினேன். தம்பி, "இது என்னக்கா, டி.வி. வாரன்டி கார்டா?" என்று கேட்டான். ஆமாம், பத்திரமாக வை என்றேன்.